பூசை போட்டு ஏற்றிய வண்டி

இலுப்பூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் அறைக்கு 'முத்துராமன் ஆவண உதவி மையம்' என்று பெயர். பெயர்ப்பலகையின் அடியில் சிறிய எழுத்தில் இன்னொரு வரியும் உண்டு: 'வாய்வழி ஆலோசனை கிடையாது.' புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். முத்துராமன் சிரிக்க மாட்டார். கேட்க வந்ததை ஒரு தாளில் எழுதச் சொல்வார். அதற்கான விடையை இன்னொரு தாளில் தாமே எழுதுவார். நகல் எடுத்து, கேட்டவரிடம் கையெழுத்து வாங்கி, ஒன்றை அவர் கையில் கொடுத்து மற்றொன்றைக் கோப்பில் சேர்ப்பார். ஆதார் அட்டையில் தகப்பனார் பெயரைத் திருத்துவதானாலும் இதே முறைதான். ஊர் அவருக்குத் 'தாள்காரர்' என்று பெயர் வைத்தது. கேலியாகத் தொடங்கிய பெயர், நாளடைவில் மரியாதையாகிவிட்டது.

அந்தப் பழக்கம் சூடுபட்டு வந்தது. இளவயதில் அவரை வளைகுடாவுக்கு அனுப்பிய ஏஜெண்டு, ஏசி போட்ட கடையில் பில் போடும் வேலை என்று வாயால் சொல்லியிருந்தான். போய் இறங்கியது பாலைவனத்தில் ஒரு ஆட்டுப்பட்டி. எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நியாயம் கேட்டபோது, அந்த ஏஜெண்டு காலை ஆட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“நான் அப்படிச் சொன்னேங்கறதுக்குத் தாள் இருக்கா?”

முத்துராமனிடம் தாள் இல்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏமாந்ததுகூட அவருக்கு ஆறிப்போயிற்று. எல்லார் முன்னிலையிலும் வெறுங்கையை விரித்து நின்றது மட்டும் ஆறவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரசாணைகளையும் அறிவிக்கைகளையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். தாலுகா அலுவலகத்தில் குப்பைக்குப் போகும் பழைய சுற்றறிக்கைகளைக் கேட்டு வாங்கி வந்து படித்தார். வீட்டில் பேருந்துச் சீட்டுகூடத் தேதிவாரியாக இருக்கும். “எங்க கல்யாணப் பந்தக்காரன் ரசீது இன்னும் இருக்கு. தாலி எங்க இருக்குன்னு நான்தான் தேடணும்” என்பாள் அவர் மனைவி செவந்தி.

வெளிநாட்டுக் கார் சமாச்சாரம் அவரிடம் வந்து சேர்ந்தது இயல்பாகத்தான். இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் யாராவது கடல் கடந்து போயிருப்பார்கள். திரும்பி வரும்போது சிலருக்கு அங்கே ஓட்டிய வண்டியின் மேல் ஆசை ஒட்டிக்கொண்டே வரும். கந்தர்வக்கோட்டை நாகராசு கத்தாரில் இருந்து வந்த கையோடு கடைக்கு வந்து வாதாடினார்.

“ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தா என்னங்க, ஓட்டுறவன் நான்தான?”

“ரோடு நம்மது இல்லியேங்க. இடப்பக்கம் ஸ்டியரிங் இருந்தா உள்ளயே விட மாட்டாங்க.”

“மெக்கானிக்கை வச்சு இங்கிட்டு மாத்திக்கிடுறேன்.”

“மாத்தினா அது கம்பெனி செஞ்ச வண்டி இல்ல, மெக்கானிக் செஞ்ச வண்டி. எழுதித் தாரேன், எடுத்துக்கிட்டுப் போங்க.”

நாகராசு ஏமாற்றத்தோடு போனார். ஆனால் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வரிசையில்தான் லக்ஷ்மணன் வந்தார். திருமயத்துக்குப் பக்கத்து ஊர். வட்டிக்கடையும் வணிகமுமாக இருந்த, வீட்டுப் பெண்களை ஊரார் 'ஆச்சி' என்று அழைக்கும் குடும்பத்தில் பிறந்து, மலேசியாவில் கிள்ளான் நகரத்தில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நிரந்தரமாக ஊர் திரும்ப முடிவு செய்திருந்தார். அவர் மனைவி விசாலி கிள்ளானில்தான் கார் ஓட்டப் பழகினாள். அந்த நாட்டிலேயே தயாராகும் சின்னஞ்சிறு கார் அது; நம் ஊர் ஆட்டோவுக்கு அண்ணன் என்று சொல்லலாம். அதைத் தவிர வேறு எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அவளுக்குக் கால் நடுங்கும். இந்தியாவில் அந்த கார் விற்பனைக்கு இல்லை. “புதுசா ஒண்ணு வாங்கிக் கொண்டாந்துர முடியுமாண்ணே? அவ வேற எதையும் கேக்கல” என்றார் லக்ஷ்மணன், ஒரு விடுமுறையில் வந்து உட்கார்ந்து.

முத்துராமன் ஒவ்வொரு விதியாகப் பொருத்திப் பார்த்தார். ஸ்டியரிங் வலப்பக்கம், சரி. வேகமானி கிலோமீட்டரில் காட்டுகிறது; சரி. தயாரித்த நாட்டில் இருந்தே நேராக வருகிறது; அதுவும் சரி. சென்னைத் துறைமுகத்தில் புதிய கார் இறங்கலாம். முகப்பு விளக்கு, புகை, தரச்சான்று என்று எழுந்த தடைகள் ஒவ்வொன்றாக விலகின. கார் விஷயத்தில் அதுவரை 'முடியாது' என்று மட்டுமே எழுதித் தந்த கை, முதன்முறையாக 'முடியும்' என்று எழுதியது. சொந்தத் தமிழில் விதிகளைத் திரட்டி, சிவப்பு மையால் ஒரு பத்திக்கு அடிக்கோடும் போட்டார்:

'கப்பலில் ஏற்றும் முன் வண்டியை எந்த நாட்டிலும் பதிவு செய்திருக்கக் கூடாது. பதிவு எண் பெற்ற வண்டி, ஒரு நாள் ஓடியிருந்தாலும், பழைய வண்டியாகவே கருதப்படும். பழைய வண்டி மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். அதற்கான சோதனைகளும் சான்றுகளும் வேறு.'

லக்ஷ்மணன் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். சென்னையில் சுங்க வேலைகளைப் பார்க்க ஷர்லி என்னும் பெண்மணியை முத்துராமனே விசாரித்து ஏற்பாடு செய்து கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தாள் இருந்தது.

ஒன்றுக்கு மட்டும் இல்லை.

பின்னொரு நாள் செவந்தியின் அக்காள் மகள் சுகுணா புது ஸ்கூட்டர் எடுத்திருந்தாள். பிள்ளையார் கோயில் வாசலில் வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, குருக்கள் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். செவந்தி எலுமிச்சம்பழத் தட்டோடு நின்றாள். அந்த நேரத்தில் கிள்ளானில் இருந்து அழைப்பு வந்தது.

“அண்ணே, அடுத்த வாரம் வண்டி கப்பலேறுது. விசாலி ஒண்ணு கேக்கச் சொன்னா. ஏத்துறதுக்கு முந்தி இங்க முருகன் கோயிலுக்குக் கொண்டு போயி ஒரு பூசை போட்டுறலாமான்னு.”

“இது என்ன தம்பி கேள்வி? பூசை போடாமயா வண்டியை எடுப்பாங்க? அதுவும் கடல் தாண்டி வர்ற வண்டி. நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு ஏத்துங்க.”

“நீங்க சொன்னாச் சரிண்ணே.”

முத்துராமன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது ஆலோசனை என்றே அவருக்குத் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்கு நல்ல வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

லக்ஷ்மணனும் விசாலியும் ஊர் திரும்பிய கையோடு காரும் சென்னைக்கு வந்து சேர்ந்தது. சோதனைக்கு லக்ஷ்மணனோடு முத்துராமனும் போனார். தாம் எழுதிய தாள் ஒரு வண்டியாக உருண்டு வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். திருவொற்றியூருக்கு அப்பால், கன்டெய்னர்கள் மலைமலையாக அடுக்கியிருந்த மைதானத்தில், ஒரு பெட்டியின் கதவைத் திறந்ததும் உள்ளே அந்த கார் நீலமாக நின்றது. ஷர்லி பட்டியலை வைத்துக்கொண்டு என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் படித்தாள். சுங்க அதிகாரி குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர், முன்பக்க பம்பரில் விரலை வைத்தார்.

“இந்த ரெண்டு ஓட்டை எதுக்கு?”

ஷர்லி பட்டியலைப் புரட்டினாள். அவர் சக்கரத்தின் அருகே உட்கார்ந்து, டயர்ப் பள்ளத்தில் இருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காய்ந்துபோன ஒரு விதை.

“எலுமிச்சம்பழமா?”

“ஆமாங்க” என்றார் லக்ஷ்மணன், முகம் மலர்ந்து. “கோயிலுக்குக் கொண்டு போயிப் பூசை போட்டுத்தாங்க ஏத்தினோம்.”

“கோயில் எவ்வளவு தூரம்? தள்ளிக்கிட்டா போனீங்க?”

“ஓட்டிக்கிட்டுத்தாங்க. நம்பர் இல்லாம ரோட்டுல விட மாட்டேன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். அதனால ஒரு நாளைக்கு நம்பர் எடுத்து பிளேட்டு மாட்டி, பூசை முடிஞ்சதும் கழட்டி ரத்து பண்ணிட்டோம். மத்தபடி புத்தம்புதுசுங்க. சீட்டுக் கவரைக்கூடப் பிரிக்கலை.”

அதிகாரி சிரிக்கவில்லை. “புதுசுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே” என்று ஷர்லியைப் பார்த்தார். ஷர்லி லக்ஷ்மணனைப் பார்த்தாள். லக்ஷ்மணன் முத்துராமனைப் பார்த்தார்.

முத்துராமனுக்குப் பிள்ளையார் கோயில் வாசலும், செவந்தியின் கையில் இருந்த தட்டும், தம் குரலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நம் ஊரில் கடைக்காரனே நம்பருக்கு விண்ணப்பம் போட்டுவிடுவான். நம்பர் வேறு, பூசை வேறு. கிள்ளானில் கோயிலுக்குப் போகும் வழி பதிவு அலுவலகத்தின் வழியாகத்தான் போகிறது என்று அவர் யோசிக்கவே இல்லை. அத்தனை விதிகளை அத்தனை ஆண்டுகள் படித்தவருக்கு அந்த ஒரு நொடியில் எதுவும் கைகொடுக்கவில்லை.

அவர் மைதானத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் அங்கேயே முடங்கியது. பழைய வண்டியைப் புதிது என்று சொல்லி, இறக்கக் கூடாத துறைமுகத்தில் இறக்கியதாக நோட்டீசு வந்தது. ஊரில் முதலில் பொங்கியது விசாலியின் அண்ணன் ராமுதான். திருமயத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நான்கு பேர் மதிக்கும் ஆள். சுற்றுவட்டார வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதினார்: 'இலுப்பூர்த் தாள்காரரை நம்பிக் காரைக் கடலில் போட்டோம். தாள் மட்டும்தான் அவர் கொடுப்பார், வண்டி வராது. கமிஷனுக்காகச் சென்னை ஆளோடு சேர்ந்து பொய்யாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.'

இதில் முத்துராமனுக்கு நடந்தது அநியாயம்தான். கமிஷன் என்று ஒரு காசு அவர் தொட்டதில்லை. பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. பேக்கரிக்கு வருகிறவர்கள் அவர் கடைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு டீயை உறிஞ்சினார்கள். பாஸ்போர்ட் வேலைக்குக் கொடுத்திருந்த தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார் ஒருவர். அநியாயம் என்பது எவ்வளவு வசதியானது என்பதை முத்துராமன் அந்த நாட்களில் கண்டுகொண்டார். அதைப் பற்றிக் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் போனில் சொன்ன வார்த்தையை நினைக்க வேண்டியதில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு அவர் லக்ஷ்மணன் வீட்டுக்குப் போனார்.

பெரிய வீடு. முகப்பில் ராமு நாற்காலியில் இருந்தார். லக்ஷ்மணன் தூணை ஒட்டி நின்றார். உள்வாசலில் விசாலி. முத்துராமன் உட்காரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புக் கோடு போட்ட பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு தாளைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினார்.

ராமு வாங்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அவருடைய கோபம் முழுவதும் நாற்காலியில் இருந்தபடியே திசை மாறியது.

“என்ன மாப்பிள்ளை இது? பச்சைப்புள்ளைக்குப் புரியிற மாதிரி எழுதியிருக்காரு. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்தவரு, இதப் படிக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?”

லக்ஷ்மணன் தலை குனிந்தார். விசாலிதான் பேசினாள்.

“அண்ணே, பூசை போடலாமான்னு இவுகளப் போன்ல கேட்டோம். போட்டுட்டு ஏத்துங்கன்னு இவுகதான சொன்னாக.”

ராமு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சொன்னாருங்கறதுக்குத் தாள் இருக்கா?”

முத்துராமன் காதில் அந்த ஏஜெண்டின் குரலே கேட்டது. அதே கேள்வி. கேட்ட ஆள்தான் வேறு. அன்று அவருடைய வாழ்க்கையைக் கேலியாக்கிய அந்த வாக்கியம், இன்று அவருக்கு ஆதரவாக வந்து பக்கத்தில் நின்றது. விசாலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆமாம் ஆச்சி, சொன்னேன்' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். பூசை போடத்தானே சொன்னோம், நம்பர் எடுக்கச் சொல்லவில்லையே என்று அவருக்குள்ளேயே ஒரு வக்கீல் எழுந்து பேசினான். அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை இருந்ததெல்லாம் காரின் பம்பரில்தான்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

“விடு விசாலி” என்றார் லக்ஷ்மணன். “என் தப்புத்தான்.”

ராமு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, மனசுல வச்சுக்கிடாதீங்க. ஆத்திரத்துல எழுதிப்புட்டேன்.” விசாலி காப்பி கொண்டுவந்தாள். மரியாதை குறையாமல் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. சீனி தூக்கலான அந்தக் காப்பியை முத்துராமன் கடைசி மடக்கு வரை குடித்தார். மீதி வைத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அன்று மாலையே ராமு குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைப் படம் எடுத்தும் போட்டார். 'ஆள் என்றால் இவர் ஆள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் வீட்டு ஆள்தான் படிக்கவில்லை.' அதன் பிறகு கடையில் கூட்டம் தாங்கவில்லை. கீரனூரில் இருந்தும் பொன்னமராவதியில் இருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிப் பேசினார்கள். பாராட்டு ஒவ்வொன்றும் முதுகில் வைத்த அடியாக இருந்தது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், “கேள்வியை எழுதிக் குடுங்க” என்பார். அதையும் தன்னடக்கம் என்றார்கள்.

பிறகு ஷர்லி போன் செய்தாள்.

“சார், விசாரணைத் தேதி வந்துருச்சு. காரை விட மாட்டாங்க, திருப்பி அனுப்பத்தான் சொல்லுவாங்க. அதுகூடப் பரவாயில்ல. வேணும்னே மறைச்சாருன்னு எழுதிட்டாங்கன்னா அவருக்குப் பின்னாடி ரொம்பத் தொந்தரவு. எனக்கும் லைசன்ஸ்ல ஒரு கறை. யாராச்சும் சொல்லிக் குடுத்து, அதை நம்பிச் செஞ்சதா இருந்தா எழுத்துல வேணும்னு கேட்டேன்.”

“லக்ஷ்மணன் என்ன சொன்னாரு?”

“யாரும் சொல்லலை, நானாத்தான் செஞ்சேங்கறாரு. எனக்கு நம்பிக்கை இல்ல சார். வண்டியைப் பத்தி ஒரு ஸ்க்ரூவுக்குக்கூட உங்களைக் கேக்காம அவரு எதையும் செஞ்சதில்லையே.”

முத்துராமன் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். எதிரே இருந்த செவந்தி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கார்க்காரரு விசயந்தான?”

“ம்.”

“அன்னைக்கு எலுமிச்சம்பழத் தட்டை நான்தான் வச்சுக்கிட்டு நின்னேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும்.”

அவர் தட்டைப் பார்த்தார்.

“பந்தக்காரன் ரசீது வச்சிருக்கீக. பஸ் டிக்கட் வச்சிருக்கீக. இதுக்கு மட்டும் தாள் இல்லாமப் போச்சாக்கும்” என்றாள். குரலில் குத்தல் இருந்தது; கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. “மோர் ஊத்தவா?” என்று அவளே பேச்சை மாற்றினாள்.

மறுநாள் கடையைத் திறந்ததும் அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை, தனக்கென்று எழுதும்போது பலமுறை கிழித்துப் போட்டது. 'பொதுவாகச் சொன்னேன்' என்று எழுதி அடித்தார். 'அவர் அவ்வாறு புரிந்துகொண்டிருக்கலாம்' என்பதையும் அடித்தார். கடைசியில் போனில் பேசியதை, பேசியபடியே, எலுமிச்சம்பழம் உட்பட எழுதினார். 'இப்படிச் சொன்னவன் நான். எதிர்முனையில் இருந்தவர் என்னை நம்பியே செய்தார். பிறகு இதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது நான் பேசாமல் இருந்தேன்.' பெயர், முகவரி, தேதி. கையெழுத்து.

ஷர்லிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, நகலோடு திருமயத்துப் பக்கம் பஸ் ஏறினார். அந்த வீட்டு முகப்பில் இம்முறை ராமு இல்லை. அதற்காக அவர் மனம் ஆறுதல்பட்டது. ஆறுதல்பட்டதற்கும் சேர்த்து வெட்கப்பட்டது. தாளை விசாலியிடம் நீட்டினார். எல்லார் முன்னிலையிலும் பொய் சொன்னவளாக நிறுத்தப்பட்டவள் அவள்தான்.

விசாலி நின்றபடியே படித்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

“இதுல நான் கையெழுத்துப் போடணுமா?”

“வேணாம் ஆச்சி.”

லக்ஷ்மணன் உள்ளிருந்து வந்து, தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “எதுக்குண்ணே இதெல்லாம்? கார் எப்படியும் வரப் போறதில்ல. உங்க கடை பேராச்சும் நிக்கட்டும்னுதான் விட்டேன்” என்றார்.

“அது தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் காப்பியைக் குடிச்சிட்டுப் போனேன்.”

“அண்ணன்கிட்ட நானே காமிக்கிறேன்” என்று விசாலி தாளை மடித்துக்கொண்டாள். காப்பி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. முத்துராமனும் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

சென்னையில், விசாரணைக்கு முத்துராமனும் போயிருந்தார். அறையில் அதிகாரி அந்தத் தாளின் ஆங்கில வடிவத்தைப் படித்துக்கொண்டே வந்தார். எலுமிச்சம்பழம் வந்த இடத்தில் அவர் உதடு அசைந்தது. பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீங்கதானா அந்த எலுமிச்சம்பழம்?”

“ஆமாங்க.”

“இன்னொரு தாள்ல பதிவு பண்ணக் கூடாதுன்னு சிவப்புக் கோடு போட்டு எழுதியிருக்கீங்க. கோயிலுக்கு வண்டி எப்படிப் போகும்னு யோசிக்கலையா?”

“யோசிக்கலைங்க.”

“ஏன்?”

முத்துராமன் படித்த விதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. “நல்ல வார்த்தைதான சொல்றோம்னு இருந்துட்டேங்க” என்றார்.

லக்ஷ்மணன் வேண்டுமென்றே மறைத்ததாக இருந்த குற்றச்சாட்டு விலகியது. ஷர்லியின் பெயரிலும் கறை படியவில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டுக் காரை வந்த வழியே திருப்பி அனுப்பலாம் என்று உத்தரவாயிற்று. மும்பையில் இறங்கியிருந்தாலாவது ஒரு வழி இருந்திருக்கும் என்று படியிறங்கும்போது ஷர்லி சொன்னாள். நீல கார் கிள்ளானுக்கே திரும்பிப் போனது. அங்கே யாரோ ஒரு நண்பர் எடுத்துக்கொண்டாராம்.

செய்தி இலுப்பூருக்கு அவருக்கு முன்பாகவே வந்துவிட்டது. ராமு இம்முறை குழுவில் எதுவும் எழுதவில்லை. விசாலி கொடுத்த தாளை மட்டும் படம் எடுத்துப் போட்டிருந்தார். அதன் பிறகு பொன்னமராவதியில் இருந்து யாரும் வரவில்லை. பேக்கரி வாசலில், “பழத்தைப் பிழிஞ்சு ஒரு சர்பத்துப் போடுப்பா, தாள்காரருக்குக் கேட்டுறாம” என்று ஒரு குரல் வரும். முத்துராமன் பலகையை இறக்கி, 'வாய்வழி ஆலோசனை கிடையாது' என்ற வரியின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தார். அது உண்மையாக இருந்த காலம் முடிந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து விசாலியிடம் இருந்து அழைப்பு வந்தது. புதுக்கோட்டையில் ஒரு சின்ன வண்டி எடுத்திருப்பதாகவும், ஓட்டிப் பழகிக்கொண்டிருப்பதாகவும், வெள்ளிக்கிழமை பூசை என்றும் சொன்னாள். “நீங்களும் செவந்தி அக்காவும் வந்துருங்க.” அழைப்பு முடிந்த பிறகும் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

“போகலாமா?” என்று செவந்தியிடம் கேட்டார்.

“கூப்பிட்டுட்டாக. போகாம இருந்தா அது வேற மாதிரி ஆகிப்போகும்.”

கோயில் வாசலில் வெள்ளை நிறத்தில் புது கார் மாலையோடு நின்றது. முத்துராமன் கூட்டத்தின் பின்னால், செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். குருக்கள் சூடத்தை இறக்கியதும் ராமு தட்டை வாங்கினார். திரும்பிக் கூட்டத்தில் தேடினார்.

“தாள்காரரு எங்க? இங்கிட்டு வாங்கண்ணே.”

எல்லாரும் விலகி வழி விட்டார்கள். ராமு நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நீங்களே வைங்க. நம்பர் பிளேட் மாட்டியாச்சு. பயப்படாதீங்க.”

சிரிப்பு எழுந்தது. லக்ஷ்மணன் சிரித்தார். விசாலிகூட, ஸ்டியரிங்கின் பின்னால் இருந்தபடி, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். அதில் பகை இல்லை என்று முத்துராமனுக்குத் தெரிந்தது. பகை இருந்திருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பார்.

அவர் முன்சக்கரத்தின் அடியில் ஒரு பழத்தை வைத்தார். சுற்றி வந்து மறுபக்கம் ஒன்று. பின்சக்கரங்களுக்கு வரும்போது முழங்காலை ஊன்றி, தேவைக்கு மேலேயே குனிந்தார். கடைசிப் பழத்தை ஒருமுறை வைத்தவர், அது உருண்டுவிட்டதுபோல எடுத்து இன்னொருமுறை வைத்தார். மேலே பேச்சும் சிரிப்பும் நடந்துகொண்டிருந்தன. டயரின் புது ரப்பர் வாசனையில், யாருக்கும் முகம் தெரியாத அந்த இடத்தில், அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார்.

“வைச்சாச்சாண்ணே?” என்று விசாலி உள்ளிருந்து கேட்டாள். “எடுக்கவா?”

“எடுங்க ஆச்சி” என்று எழாமலே நகர்ந்து வழி விட்டார்.